பூட்டிய வீட்டில் எரிந்த பல்ப்

நான் இன்ஜின் மெக்கானிக். டீசல் போனால் ஓடும், போகாவிட்டால் நிற்கும், இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிற ஆள். எங்கள் பெரியம்மா வீட்டில் ஒரு சமயம் கல் விழுகிறது என்று தெருவே கூடி நின்றபோது, ஓட்டு மேல் ஏறிப் பார்த்து, பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக் குரங்கைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி சொல்லப் போவதைக் கேட்டால் இவனும் அந்த ரகம்தான் போல என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கே இதை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. தாம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன், அங்கே முதலாளிக்கும் எனக்கும் ஒத்துவராமல் வெளியே வந்த சமயம். செம்பாக்கம் தாண்டி வேளச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே, ஏரிக்கரை மேல் ஒன்றரை மைல் மண்பாதையில் போனால் ஒரு காலனி. இப்போது அந்த இடத்தைக் காட்டினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், எல்லாம் நாலு மாடி ஃபிளாட். அப்போது முப்பத்தாறு வீடு, சுற்றிலும் கோரைப்புல், இரண்டு பக்கமும் ஏரி. அந்த நிலத்தின் பேரில் ஏதோ வழக்கு நடந்துகொண்டிருந்ததால் கரண்ட் கம்பம் உள்ளே வரவில்லை. மழைக்காலத்தில் பாதை முழுகிவிட்டால் மூன்று நாள் தபால்காரர்கூட வர மாட்டார். பட்டணத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் ஏதோ தீவில் இருக்கிற மாதிரி இருக்கும்.

மனை போட்டு விற்ற ஆள் லைட் உண்டு என்று சொல்லித்தான் விற்றிருந்தார். ஜனங்கள் விடவில்லை. அதனால் ஏதோ ஒரு ரைஸ் மில்லில் கழித்துப்போட்ட ஆயில் இன்ஜினை வாங்கி, அதோடு ஒரு டைனமோவைச் சேர்த்து, காலனியின் கடைக்கோடியில் தகரக் கொட்டகை போட்டு இறக்கிவிட்டார். ஆள் உயர ஃப்ளைவீல் சக்கரம், ஓடினால் தரையே அதிரும், சத்தம் தாங்காது என்றுதான் கோடியில் வைத்தார்கள். ஜனங்கள் அதற்குப் பவர் ஹவுஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்ட வேண்டும், பத்து மணிக்கு நிறுத்த வேண்டும். வீட்டுக்கு இரண்டு பல்ப், அவ்வளவுதான். அதை ஓட்டுகிற வேலைக்குத்தான் நான் போனேன். கொட்டகையை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை, அதிலேயே படுத்துக்கொள்வேன்.

கொட்டகையிலிருந்து நாற்பது தப்படியில் கடைசி வீடு. வீடு என்றால் ஒரே அறைதான், வாட்ச்மேனுக்காகக் கட்டியது. அதில் பூங்காவனம் என்று ஒரு அக்காவும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். சோழிங்கநல்லூர் தாண்டிக் கடலோரக் குப்பத்துக்காரர்கள். புருஷன் கன்னியப்பன் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொந்தக்காரர்களோடு ஏதோ மனஸ்தாபம், அந்த அக்கா அவரை வண்டியில் போட்டுக்கொண்டு இங்கே வந்து, விடியற்காலையில் போய் மீன் எடுத்துவந்து காலனியிலும் சுற்றுப்பட்டிலும் கூவி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவரை நார்க் கட்டிலில் ஜன்னல் ஓரமாகப் படுக்கவைத்திருப்பாள். அந்த ஜன்னல் என் கொட்டகையைப் பார்த்தது.

கன்னியப்பனுக்கு இருட்டு என்றால் பயம். ராத்திரிக் கடலில் பாய் விரித்துப் போன மனுஷன், படுக்கையில் விழுந்த பிறகு இருட்டினால் குழந்தை மாதிரி அழுவாராம். அதனால் நான் ஆறு மணிக்கு ஹேண்டில் அடித்து இன்ஜினைக் கிளப்பி, மெயின் சுவிட்சை ஏற்றியவுடன், அந்த ஜன்னலிலிருந்து ஆ என்று ஒரு சத்தம் வரும். சந்தோஷ சத்தம். அவ்வளவு பெரிய இன்ஜின் சத்தத்திலும் அது எனக்குக் கேட்கும், அல்லது கேட்பதாக நினைத்துக்கொள்வேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நான் கையைத் தூக்கிக் காட்டுவேன், அவர் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். முப்பத்தாறு வீட்டில் லைட் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களெல்லாம் லைட் ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்கத்தான் வருவார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டபாடில்லை. கடல் கொந்தளிப்பு, பத்து நாளாக மீன் கிடையாது. கருவாடாவது எடுத்துவந்து விற்கலாம் என்று பூங்காவனக்கா ஒருநாள் விடியற்காலையில் குப்பத்துக்குக் கிளம்பிப் போனாள். போனது எனக்குத் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் ஒரு மாதமாக, குப்பத்தில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிற ஒரு வைத்தியர் இருக்கிறார், இவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் அங்கே வைத்திருக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் பக்கம் சொல்வதற்கு எனக்கு இருக்கிற ஒரே நியாயம் இதுதான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஏரிக்கரை எங்கேயோ உடைத்துக்கொண்டது. முதலில் வாசலில் கணுக்கால் தண்ணீர், ஒரு மணி நேரத்தில் முழங்கால். காலனி சங்கச் செயலாளர் நடராஜன் சார், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எல்லாரையும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். நான் கொட்டகையில் இருந்தேன். இன்ஜின் கெட்டுப்போனால் எனக்கு வேலை போய்விடும். டைனமோவுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அதை என்னால் தூக்க முடியாது, டீசல் பம்பையாவது காப்பாற்றுவோம் என்று கழற்றிக் கோணியில் சுற்றிக்கொண்டேன். மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நான் வெளியே வரும்போதே கொட்டகைக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவில் இருந்த சவுக்குக் கம்பம் சாய்ந்து, கம்பி தண்ணீருக்குள் கிடந்தது.

கடைசி வீட்டைத் தாண்டித்தான் போனேன். கதவில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நான் ஒருநாளும் பூட்டுப் பார்த்ததில்லை, சும்மா சாத்தி வைத்துவிட்டுத்தான் போவாள். சரி, வைத்தியத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள், நல்ல வேளை என்று நினைத்தேன். நல்ல வேளை என்றே நினைத்தேன். மழையில் ஜன்னலுக்குள் ஒன்றும் தெரியவில்லை, கிட்டப் போய்ப் பார்க்கவும் இல்லை, அந்தப் பக்கம் தண்ணீர் இழுப்பு அதிகமாக இருந்தது. ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. பூட்டிய வீட்டைப் பார்த்து யார் குரல் கொடுப்பார்கள்?

பள்ளிக்கூடத்தில் கூட்டம், ஈரம், குழந்தைகள் அழுகை. நடராஜன் சார் நோட்டில் வீட்டு வரிசைப்படி பெயர் எழுதிக்கொண்டு வந்தார். கடைசி வீடு என்றபோது, பூட்டியிருக்கிறது சார், அவர்கள் குப்பத்துக்குப் போய்விட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் டிக் அடித்தார்.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. நான் பள்ளிக்கூட ஜன்னல் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், டீசல் பம்ப் கோணியோடு என் மடியில் இருந்தது, அதைக் கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று. வெளியே எல்லாம் தண்ணீர், வீடுகள் திண்ணை வரைக்கும் முழுகிக் கறுப்பாக நின்றன. மணி ஆறு. வழக்கமாக நான் ஹேண்டில் அடிக்கிற நேரம், அதனால்தான் மணியைப் பார்த்தேன். தலையைத் தூக்கினால் கடைசி வீட்டு ஜன்னலில் லைட் எரிகிறது.

நம்பினால் நம்புங்கள். சிம்னி விளக்கோ லாந்தரோ இல்லை. நான் ஒன்றரை வருஷமாக அந்தக் காலனிக்கு லைட் கொடுத்தவன், எந்த வீட்டு வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது கரண்ட் லைட். நாற்பது வாட்ஸ் பல்ப், பழைய டைனமோவுக்கே உள்ள அந்தப் பழுப்பு நிறம், ஆடாமல் அசையாமல் எரிந்தது. வேறு எந்த வீட்டிலும் வெளிச்சம் இல்லை. கையைப் பாக்கெட்டில் விட்டுப் பார்த்தேன், ஃபியூஸ் கட்டை இருந்தது. மடியைத் தொட்டுப் பார்த்தேன், பம்ப் இருந்தது.

இப்போது யோசிக்கும்போது இதுதான் என்னைக் கொல்கிறது. அது லாந்தர் வெளிச்சமாக இருந்திருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று அந்த நிமிஷமே எழுந்து ஓடியிருப்பேன். கரண்ட் லைட்டாக இருந்ததால், இது இருக்கவே முடியாது என்று முடிவு கட்டினேன். எனக்குத் தொழில் தெரிந்திருந்தது, அதனால் போகவில்லை.

நடராஜன் சாரைக் கூப்பிட்டு, சார் அந்தக் கடைசி வீட்டைப் பாருங்கள், ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். அவர் கண்ணாடி தண்ணீரில் போய்விட்டிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன தெரியணும்?"

"லைட் எரியுது சார்."

அவர் என் மடியைப் பார்த்தார். "ஏம்பா சம்பத்து, இன்ஜினோட பாதி உன் மடியில இருக்கு. அப்புறம் லைட் எங்கேருந்து எரியும்? காலையிலேருந்து சாப்பிடலை நீ. மின்னல் பளிச்சுனு அடிச்சா அப்படித்தான் கண்ணுல நிக்கும். போ, அங்க கஞ்சி ஊத்தறாங்க, வாங்கிக் குடி."

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீரில் அதன் வெளிச்சம் நீளமாக எங்கள் பக்கம் வரைக்கும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். என்ன செய்தேன் தெரியுமா, பெஞ்சில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. அதற்கப்புறம் நான் திரும்பவே இல்லை. அப்படியே பம்பைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் தண்ணீர் ஓரளவு இறங்கியிருந்தது, இன்ஜின் கதி என்ன என்று பார்க்க நான்தான் முதலில் போனேன். கொட்டகையில் தொடை அளவு தண்ணீர், ஃப்ளைவீல் பாதி முழுகி நின்றது. சேறு படிந்த சுவிட்ச் போர்டு, இறக்கிய மெயின் சுவிட்ச் இறக்கினபடியே இருந்தது. பார்த்தாயா, ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது பின்னால் தண்ணீரைக் கலைத்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம். பூங்காவனக்கா. தலையில் கருவாட்டுக் கூடை, புடவை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஆள் தனியாக இருந்தாள்.

தனியாக இருப்பதைப் பார்த்ததும் அவர் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ராத்திரி எங்களுக்கோசரம் லைட்டு போட்டு வெச்சியே தம்பி, நீ நல்லாருக்கணும்."

அவள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே கதவுப் பக்கம் போனாள். நாலு நாளாகத் தெரு நாய் உள்ளே வந்து அவர் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகிறது, அதனால்தான் பூட்டினேன் என்றாள். போகும்போது என்னை எழுப்பிச் சொல்லலாம் என்று வந்தாளாம், நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

"நீதான் பக்கத்துல கீறியே, இன்னாத்துக்கு பயம்னு பூட்டிகினு போனேன்" என்றாள். சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தாள்.

உள்ளே நடந்ததை ரொம்ப விவரமாகச் சொல்ல மாட்டேன். ராத்திரி எந்த நேரத்திலோ தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஒரு சாண் ஏறி, அப்புறம் இறங்கியிருக்கிறது. சுவரில் கோடு இருந்தது. அவர் நல்லாயிருந்த இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து உடம்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே இழுத்திருக்கிறார், தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. என் கொட்டகைப் பக்கம். அந்தக் கையைக் கம்பியிலிருந்து எடுத்தது நான்தான். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அக்கா கூடை தலையில் இருந்தபடியே நின்றாள், நான்தான் அதை இறக்கி வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த அறைத் தண்ணீர் முழுக்க ஈசல் இறகு. தவிடு கொட்டின மாதிரி கனமாக மிதந்தது. பல்ப் தொங்கிக்கொண்டிருந்த இடத்தைச் சுற்றிச் சுவரிலும் ஒட்டியிருந்தது, அவர் தலைமுடியில் இருந்தது, மார்பில் இருந்தது. மழை விட்ட நேரத்தில் விளக்கு எரிந்தால்தான் ஈசல் வரும், வந்து சுற்றிச் சுற்றி இறகை உதிர்க்கும், இது யாருக்கும் தெரிந்த விஷயம். நான் அன்றைக்கே ஒயரிங்கைச் சோதிக்கிற சாக்கில் முப்பத்தைந்து வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தேன். ஒரு இறகுகூட இல்லை.

கிராம அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, வெள்ளத்தில் இறந்தவர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நடராஜன் சார் மட்டும் ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்று, அன்னிக்கு ஏதோ லைட்டுனு சொன்னியே என்று ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முடிக்காமலே போய்விட்டார், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கன்னியப்பனைக் குப்பத்துக்கே எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் காலனியிலிருந்து நான் ஒருத்தன் மட்டும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உச்சி வெயில், வலை காயப் போட்டிருந்தார்கள். காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது பூங்காவனக்கா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கட்டுமரத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு சாய்ந்திரமே நான் வந்துட்டேன் தம்பி. அந்தாண்டக் கரையில, கோயிலாண்ட நின்னுகினு இருந்தேன். அந்தத் தண்ணியெல்லாம் எனக்கு ஒரு தண்ணியா? கட்டுமரத்துலயே பொறந்து வளந்தவ. ஒரு வாழைமரத்த வெட்டித் தரச் சொல்லி, புடவைய வரிஞ்சி கட்டிட்டேன். எறங்கறதுக்குள்ள எங்க வூட்ல லைட்டு வந்திச்சி. மத்த வூடெல்லாம் இருட்டு, எங்க வூட்ல மட்டும். சரி, எல்லாம் போயிட்டாங்க, தம்பி மட்டும் போவாம அவருக்கோசரம் இன்ஜின் ஓட்டிகினு கீது, ஆளு பக்கத்துல கீதுன்னு அப்டியே குந்திட்டேன். லைட்டு நிக்கற வரிக்கும் அதத்தான் பாத்துகினு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குரல் உயரவே இல்லை.

"ஒண்ணுதான் தம்பி எனக்குப் புரியல. அவ்ளோ தண்ணியில நின்னு லைட்டு போட்டவன், ஒரு எட்டு ஜன்னலாண்ட வந்து பாத்திருக்கக் கூடாதா?"

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆமாம், நான்தான் லைட் போட்டேன் என்று சொல்லியிருந்தால், நாற்பது தப்படியில் நின்றுகொண்டு ஒரு மனுஷனைச் சாக விட்டவன் ஆவேன். போடவில்லை என்றால், அவரைப் பூட்டிய வீட்டில் தன்னந்தனியாக விட்டுவிட்டு எல்லாரும் போனோம் என்று அவளிடம் சொல்வதாக ஆகும். நான் உண்மையைச் சொன்னேன். அக்கா, நான் லைட் போடவில்லை, பகல் இரண்டு மணிக்கே பம்பைக் கழற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன், இன்ஜின் ஓடவே இல்லை, கம்பிகூட அறுந்து கிடந்தது, வேண்டுமானால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றேன். நானும் அந்த லைட்டைப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகத்தில் ஒரு வெறுப்பு மெதுவாக வந்து உட்கார்ந்தது, அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

"பொய் சொல்லாத தம்பி. பத்து மணி இருக்கும், ரெண்டு தபா அணைச்சி அணைச்சிப் போட்ட. அப்பாலதான் லைட்டு நின்னுச்சி. நீ தெனம் பண்றதுதான. உன்னத் தவிர வேற எவன் அப்டி பண்ணுவான்?"

எழுந்து போய்விட்டாள். காலனிக்கு அவள் திரும்பி வரவில்லை, அண்ணனை அனுப்பிச் சாமான்களை எடுத்துக்கொண்டாள். ஏழெட்டு வருஷம் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு தடவை பார்த்தேன், மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் கிட்டப் போகவில்லை.

இன்ஜினை ரிப்பேர் பண்ணி மறுபடி ஓட்டினேன். ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை ஏற்றினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. இரண்டு மாதம்தான் என்னால் தாக்குப் பிடிக்க முடிந்தது, வேலையை விட்டுவிட்டேன். அப்புறம் தொண்ணூறுகளில் வழக்கு தீர்ந்து கரண்ட் கம்பம் வந்தது, இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவள் சொன்ன அந்த இரண்டு தடவை அணைத்துப் போடுவது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு நான் சட்டென்று லைட்டை நிறுத்தினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், குழந்தை படித்துக்கொண்டிருக்கும். அதனால் பத்து நிமிஷம் முன்னால் மெயின் சுவிட்சை இரண்டு தடவை இறக்கி ஏற்றுவேன். காலனியில் எல்லாருக்கும் அது தெரியும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, வேலையை முடித்துக்கொள் என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் அதற்குக் கிடையாது. அன்றைக்கு அந்த பல்ப் இரண்டு தடவை அணைந்து எரிந்தபோது அந்தக் கரையில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தக் கரையில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். பார்த்தவள் நான் அருகில் இருக்கிறேன் என்று நினைத்தாள். இன்ஜினை யாரும் ஓட்டவில்லை என்று தெரிந்தவன் நான்தான், இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று புரிந்து ஓட வேண்டியவனும் நான்தான்.

இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன், சொந்த வீடு, மூன்று அறை. சில நாள் கரண்ட் இரண்டு தடவை போய்ப் போய் வரும், உங்கள் வீட்டிலும் வரும், லைனில் மரக்கிளை பட்டால்கூட அப்படி வரும், எனக்குத் தெரியாதா. ஆனாலும் எழுந்துவிடுவேன். மூன்று அறையிலும் போய் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன், கொல்லைப் பக்கம் போவேன், பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கினால் அதையும் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். பத்து நிமிஷம் ஆகும் வரைக்கும் நான் உட்கார மாட்டேன்.